உறைபனிக்கு முன்: கரிச்சட்டி வீட்டுக்குள் வேண்டாம்

உதகையைச் சுற்றி நீர்ப்பனி விழத் தொடங்கிவிட்டது. தலைகுந்தா, காந்தல் பக்கம் காலையில் புல்லில் கால் வைத்தால் செருப்பு நனைகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகமில்லாத இரவுகள் வந்ததும் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். அப்போது இதே நீர்ப்பனி உறைபனியாகும். தாழ்வான இடங்களில் வெப்பநிலை பூஜ்யம் வரை இறங்கும். பிப்ரவரி வரை இதே நிலைதான். குளிர் இறுகுவதற்கு முன் வீட்டைத் தயார் செய்துகொள்ள இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வெயில் அடிக்கும் நாளை வீணாக்காதீர்கள்.

முதலில் கூரை. ஓட்டில் விரிசல், தகரத்தில் துரு, ஆணித்துளை, எதுவானாலும் இப்போதே அடையுங்கள். கூரை ஓரத்தில் சேர்ந்துகிடக்கும் கற்பூர மர இலைகளை அள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, அடியில் படிந்த சேற்றைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு நிரப்புங்கள். உறைபனி விழும் மாதத்தில் யாரும் தொட்டிக்குள் இறங்கப்போவதில்லை. சுவரில் கறுப்பாகப் படர்ந்த பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். ஈரத்தின் மேலேயே பெயின்ட் அடித்தால் பூஞ்சணம் சீக்கிரமே மறுபடி தலைகாட்டும். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். அதில் எழும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும்.

கம்பளிகளையும் ரஜாய்களையும் இரண்டு நாள் உச்சிவெயிலில் போட்டு, தட்டி, திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்ததை அப்படியே குழந்தைமேல் போர்த்தாதீர்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இன்னும் கவனம்.

இதெல்லாம் செய்யத் தவறினால் சளி பிடிக்கும், துணி பாழாகும். அடுத்துச் சொல்வதைச் செய்யத் தவறினால் உயிர் போகும். இந்த அறிவிப்பை எழுதுவதே இதற்காகத்தான்.

மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் சொல்கிறோம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்த மலைகளில் ஏதோ ஒரு வீட்டிலோ விடுதி அறையிலோ இரவு படுத்தவர்கள் காலையில் எழுந்திருப்பதில்லை. கதவை உடைத்து உள்ளே போனால் எதுவும் எரிந்திருக்காது, புகை இருக்காது. மூலையில் ஒரு இரும்புச் சட்டி, அதில் சாம்பல், அவ்வளவுதான்.

கொல்வது கார்பன் மோனாக்சைடு. காற்றோட்டம் போதாத இடத்தில் கரி அரைகுறையாக எரியும்போது பிறக்கும் வாயு இது. நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. மூச்சில் போனதும் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் எவ்வளவு மூச்சு இழுத்தாலும் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது. விழித்திருப்பவருக்குத் தலைவலியாவது தெரியும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கடலோரத்தில் கிடைப்பதைவிட ஏறத்தாழக் கால்பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜன் கிடைக்கிறது. அதிலும் பங்கு போட ஒரு கரிச்சட்டியை உள்ளே கொண்டுவரலாமா?

வீடு வீடாகப் போகும்போது கேட்கும் பதில்கள் எங்களுக்கு மனப்பாடம். "புகையெல்லாம் அடங்கி, கரி நல்லா கனிஞ்ச பிறகுதான் சார் உள்ளே எடுத்துட்டு வர்றோம்" என்கிறார்கள். அங்கேதான் ஆபத்தே இருக்கிறது. புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், நீங்களே வெளியே ஓடிவிடுவீர்கள். கனிந்த கரியில் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது; விஷம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. "பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி வெச்சிருக்கோம்" என்கிறார்கள். தண்ணீர் இந்த வாயுவை இழுக்காது. சொம்பு வைத்தாலும் அண்டா வைத்தாலும் ஒன்றுதான். "படுக்கிறதுக்கு முன்னால அணைச்சிடுவோம்" என்கிறார்கள். இந்த வாயுவே அசதியைக் கொடுத்துக் கண்ணைச் சொக்க வைக்கும். பிறகு அணைப்பது யார்? "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சிருக்கோம்" என்பவர்கள், நள்ளிரவில் குளிர் தாங்காமல் அதையும் எழுந்து சாத்துகிறார்கள்.

"எங்க பாட்டி காலத்துல இருந்து இப்படித்தான்" என்பவர்களுக்குக் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன். பாட்டியின் வீட்டில் ஓட்டுக்கு ஓடு இடுக்கு இருந்தது, மரக்கதவில் சந்து இருந்தது, அடுப்படியின் புகை கூரை வழியே போனது. இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு கான்கிரீட் தளம், அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி ஜன்னல். அதற்கும் மேலே கதவின் அடியில் பழைய சாக்கைச் சுருட்டி அடைக்கிறீர்கள். தோட்டத்து லைன் வீடு ஒன்றில் பார்த்தோம்: பத்துக்குப் பத்து அறை, அதில் ஐந்து பேர், நடுவில் பெயின்ட் டப்பாவில் கரி. ஜன்னல் விளிம்பு முழுக்க செய்தித்தாளை மடித்துச் சொருகிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். இரண்டு நாளாகக் காலையில் எல்லாருக்கும் தலைவலி என்றார்கள். குளிருக்கு வந்த தலைவலி என்று தைலம் தடவிக்கொண்டிருந்தார்கள்! ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் சந்தேகம் வர வேண்டாமா?

திரும்பவும் சொல்கிறேன். கரியோ விறகோ பார்பெக்யூ அடுப்போ, தூங்கும் அறைக்குள் கூடாது. ஐந்து நிமிடத்துக்கும் கூடாது. முற்றத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து குளிர் காயுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைத்து, சட்டியை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். நீறு பூத்த கரியும் வாயுவை விடும்.

சூட்டுக்கு வேறு வழி இருக்கிறது. படுப்பதற்கு அரை மணி முன் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிப் போர்வைக்குள் வையுங்கள். தலைக்குக் குல்லா, காலுக்குக் காலுறை. தரையில் படுப்பவர்கள் பாய்க்கு அடியில் அட்டை விரியுங்கள். மின்சார ஹீட்டர் வைத்திருந்தால், 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் வயர் உருகும். அதன்மேல் துணி காயப்போடாதீர்கள். பழைய பங்களாவில் கணப்பு மூட்டுபவர்கள் புகைபோக்கியில் பறவைக் கூடு, கரிப்படலம் இருக்கிறதா என்று ஆளை ஏற்றிப் பார்த்துச் சுத்தம் செய்த பிறகே மூட்டுங்கள். அடைபட்ட புகைபோக்கியும் கரிச்சட்டியும் ஒன்றுதான்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அங்கேயும் அதே வாயுதான். கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். மாற்றும்வரை வாளியில் பிடித்து, கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள். குளிருக்குப் பயந்து வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதீர்கள்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் துவளுதல் இவற்றில் எது வந்தாலும் முதல் வேலை கதவு ஜன்னலைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவருவது. சட்டியைத் தூக்கப் போய் நீங்களும் உள்ளே விழாதீர்கள். முதலில் ஆட்களைப் பாருங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரல் கருவியை மாட்டிப் பார்த்து, "தொண்ணூற்றெட்டு காட்டுது, ஒண்ணுமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். ஆக்சிஜனுக்கும் இந்த வாயுவுக்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. சாதாரணக் காற்றில் ரத்தத்தில் உள்ள விஷம் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே அந்த அளவுக்கு இறங்கும். கர்ப்பிணி என்றால், தாய் தெளிந்து பேசினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து அதிகம்.

காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்களே, சமவெளியிலிருந்து வருகிறவருக்கு இந்தக் குளிரும் புதிது, இந்த ஆபத்தும் புதிது. கேட்டார்கள் என்று அறைக்குள் கரிச்சட்டி கொடுத்தால் பொறுப்பு உங்களுடையது. சாவி கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள், கதவின் உள்பக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். கூடுதலாக ஒரு கம்பளி கொடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டிதான். அறைக்கு ஒன்று வாங்கி மாட்டுங்கள். தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் வட மாநிலங்களிலிருந்து ஆள் கொண்டுவரும் மேஸ்திரிகளும் அவர்கள் தங்கும் கொட்டகைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். போர்த்த ஒன்றும் இல்லாதவர்தான் கரி தேடுவார்.

மீதி வேலைகள்: எலி நுழையும் பொந்துகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். எண்ணெய்ச் சட்டியையும் எச்சிலையும் பின்வாசலில் விடாதீர்கள், கரடி வரும். தொட்டிச் செடிகளைப் பொழுது சாய்வதற்குள் மூடிவிடுங்கள். கேஸ் சிலிண்டர் குளிரில் மந்தமாக எரிந்தால் அதை வெந்நீரில் நிறுத்துவதும் அடுப்பருகே சாய்ப்பதும் கூடாது. கட்டிலடியில் பழைய கரிச்சட்டி கிடந்தால், இன்றைக்கே எடுத்துக் கொட்டகையில் போடுங்கள்.