ஊனற்றது என்றால் போதுமா? ‘பேக்டு பீன்ஸ்’ இல்லத்தில் சமைக்கும் முறை

மேனாடுகளில் பயிலவும் பணிபுரியவும் சென்றுள்ள நம் பிள்ளைகளுக்கு முதலில் பழக்கமாகும் உணவுகளுள் ஒன்று ‘பேக்டு பீன்ஸ்’ எனப்படும் டப்பாப் பயறு. விலை குறைவு, திறந்து சூடாக்கினால் போதும். பாஸ்டன் நகரில் பயிலும் என் தமக்கை மகள், மேலுறையில் ‘வெஜிடேரியன்’ என்றிருந்ததை நம்பி ஒரு குளிர்காலம் முழுவதும் இதனை உண்டு வந்தாள். விடுமுறையில் ஊர் வந்தபோது உடன் கொணர்ந்த டப்பாவின் பின்புறத்துச் சிற்றெழுத்துகளை மூக்குக் கண்ணாடியின் துணையால் படித்தேன். ஊன் இல்லை என்பது மெய்தான். ஆயின் வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் வினிகரும் வரிசையாக இருந்தன. “சித்தி, ஆறு மாதம் உண்டுவிட்டேனே!” என்று அவள் முகம் வாடி நின்றதைக் கண்ட பின்னரே இப்பாடத்தை எழுதத் துணிந்தேன்.

அவள்மேற் குற்றமில்லை. அந்நாட்டார் அச்சொல்லால் குறிப்பது ஊன் நீக்கியதை மட்டுமே. நமக்கோ அது முதற்படி. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், ஐந்து அணுவிரதங்களுடன் கள், ஊன், தேன் ஆகிய மூன்றின் துறவையும் சேர்த்து இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்களாக வைத்தார். ஊன் நீக்கிய பீன்ஸ் என்று மேனாட்டுச் சமையல் நூல்கள் கூறும் குறிப்புகளை இந்த அளவுகோலால் நோக்குங்கள். பன்றிக் கொழுப்பை எடுத்துவிட்டு அதனிடத்தில் வெண்ணெய் இடுவர். இனிப்புக்குத் தேன் விடுவர். மணத்துக்கு ஒயின் அல்லது வினிகர் சேர்ப்பர். ‘உஸ்டர் சாஸ்’ ஒரு கரண்டி ஊற்றச் சொல்லும் குறிப்புகளும் பல. அந்தச் சாஸின் மரபான செய்முறையில் நெத்திலி இன மீன் உண்டு! வெங்காயம், பூண்டும் உண்டு. அதன் புளிப்பில் ஒரு பங்கு நம் புளியால் வருவது என்பது வியப்பான செய்தி. மீனை விலக்கிப் புளியை மட்டும் கைக்கொண்டால் நம் வேலை முடிந்தது.

இவ்வுணவின் பிறப்பிடம் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியாகிய நியூ இங்கிலாந்து. பயறோ அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினர் பன்னெடுங்காலம் பயிரிட்டு வந்தது. அங்குக் குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர், சனிக்கிழமைக் கதிரவன் மறைவு முதல் ஞாயிற்றுக்கிழமைக் கதிரவன் மறைவு வரை ஓய்வு நாளாகக் கொண்டு, அப்பொழுதில் வேலை எதுவும் செய்யாதிருந்தனர். ஆதலின் சனிக்கிழமைப் பகலிலேயே பயறு, உப்பிட்ட பன்றியிறைச்சி, மொலாசஸ் எனும் கரிய கரும்புப் பாகு ஆகியவற்றை மண்சட்டியிலிட்டு மெல்லிய சூட்டில் வேக விடுவர். பாஸ்டனில் ரொட்டிச் சுடுவோர் காலையில் வீடுதோறும் சட்டிகளைப் பெற்றுச் சென்று, மாலையில் வெந்த பயற்றுடன் திருப்பித் தருவதும் உண்டு. அச்சட்டிகளில் ஊறிய இனிப்புக்குப் பின்னால் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழன்ற மக்களின் துயரம் இருந்தது என்பதையும் மறத்தற்கில்லை. இங்கிலாந்தில் பரவிய தக்காளிக் குழம்பு வகையிலும் தொடக்கத்தில் பன்றியிறைச்சித் துண்டு கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால இறைச்சிப் பங்கீட்டில் அது நீங்கிற்று. இன்றைய டப்பாப் பயறு பெரும்பாலும் அடுமனைச் சூட்டில் சுடப்படுவதே இல்லை. குழம்புடன் டப்பாவில் அடைத்த பின் ஆவியில் வேகவைக்கப்படுகிறது.

கதிரவன் மறைவை எல்லையாகக் கொண்டு சமைத்தவர் அவர். கதிரவன் மறைவை எல்லையாகக் கொண்டு உண்பவர் நாம். அதனால் இதன் கால அளவை நம் வழக்கத்துக்குப் பொருத்துவது கடினமன்று. ஒரே ஒரு தடை, பயற்றை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும் என்ற விதி. இரவு முழுதும் நீரில் கிடந்த பயறு முளைக்கத் தொடங்குமோ என்று ஐயுறுவோர் நம்முள் பலர். அவர்க்குப் பகலிலேயே முடியும் வேறொரு வழி உண்டு.

நால்வர்க்கு 300 கிராம் பயறு போதும். அமெரிக்காவில் ‘நேவி பீன்ஸ்’ என்று விற்கும் சிறிய வெண்பயறே உகந்தது. அந்நாட்டுக் கடற்படையில் நெடுங்காலம் உணவாக இருந்ததால் அப்பெயர் பெற்றது. இங்கு வெள்ளை ராஜ்மா கிடைக்கும். பயற்றை வெண்துணியில் பரப்பி ஒவ்வொன்றாக நோக்குக. துளை விழுந்தது எதுவாயினும் தனியே ஒதுக்குக. மழைக்காலத்தில் நெடுநாள் இருப்பிலுள்ள பயற்றை வாங்காதிருத்தலே நன்று. வண்டு பற்றுவதோடு, பழைய பயறு எத்தனை நேரம் வெந்தாலும் மெத்தென்று ஆகாது.

வடிகட்டிய நீரைப் பயற்றின் மேல் நான்கு விரல் நிற்குமளவு ஊற்றி, 2 நிமிடம் கொதிக்கவைத்து இறக்கி மூடி 1 மணி நேரம் விடுக. இரவெல்லாம் ஊறியது போன்றே ஊறிவிடும். அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் விட்டு, முதல் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். இது சுவைக்காகச் சொல்வதன்று. இவ்வினப் பயறுகளில் லெக்டின் எனும் நச்சுப் பொருள் இயற்கையாகவே உண்டு. சிவப்பு ராஜ்மாவில் மிகுதி, வெள்ளையில் குறைவு. நன்றாகக் கொதித்தால் அது அழியும். 80 பாகை செல்சியஸ் போன்ற இளஞ்சூட்டில் அழியாததுடன் கூடவும் செய்யும். மாணவர் பலர் ‘ஸ்லோ குக்கர்’ எனும் மின்சட்டியில் பச்சைப் பயற்றை இட்டுவிட்டு வகுப்புக்குச் செல்கின்றனர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதற்கு இது நேர்வழி. பிள்ளைகளிடம் இதனை வலியுறுத்திச் சொல்லுங்கள்.

பின் தீயைத் தணித்து முக்கால் மணி முதல் 1 மணி நேரம் வேகவிடுக. பதம் பார்க்க நியூ இங்கிலாந்துப் பெண்டிர் கண்ட உத்தி அழகானது: கரண்டியில் நான்கு பயற்றை எடுத்து வாயால் ஊதினால் தோல் வெடித்துச் சுருள வேண்டும். அந்தப் பதம் வருமுன் புளியோ வெல்லமோ தக்காளியோ சேர்க்கலாகாது. புளிப்பும் இனிப்பும், மொலாசஸிலும் வெல்லத்திலும் உள்ள சுண்ணச் சத்தும் பயற்றின் தோலை இறுக்கிவிடும். அவ்வியல்பே பின்னர் நமக்கு உதவியாகிறது. வெந்த பயறு மணிக்கணக்கில் சூட்டில் இருந்தும் குழையாமல் முழுமையாக நிற்பது அதனால்தான்.

இனிப்புக்கு 80 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொள்க. கருப்பட்டியாயின் நிறமும் மணமும் மொலாசஸுக்கு மிக அணுகி வரும். வெள்ளைச் சர்க்கரையைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் கரும்புச் சர்க்கரையை வெளுக்கச் சில ஆலைகள் மாட்டெலும்புக் கரியைப் பயன்படுத்துகின்றன. பீட் சர்க்கரைக்கு அக்கரி வேண்டுவதில்லை, ஆனால் அது மண்ணுக்குள் விளையும் கிழங்கிலிருந்து வருவது. வெல்லம் இவ்விரு தொல்லையும் அற்றது.

சிறு எலுமிச்சை அளவு புளியின் கரைசல், கடுகுப்பொடி 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை, சுக்குப்பொடி அரை, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி ஆகியவற்றை வெல்லக் கரைசலுடன் கலந்து பயற்றில் ஊற்றுக. கொழுப்புக்கு நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. அதைக் காயவைத்துப் பெருங்காயமும் வறுத்துப் பொடித்த சீரகமும் இரண்டு வரமிளகாயும் பொரித்துச் சேர்த்தால் வெங்காயத்தின் நினைவே எழாது. வெண்ணெய் நமக்கு ஆகாது. உருக்கிய நெய் ஆகும். இங்கிலாந்து முறையை விரும்புவோர் 300 கிராம் தக்காளியை அரைத்து வடிகட்டிச் சேர்த்துப் புளியைப் பாதியாக்குக. பல விதையுள்ளது என்று தக்காளியை விலக்குவோர் கவலற்க. பாஸ்டன் முறையில் அது என்றுமே கட்டாயமன்று.

சட்டியை மூடி, 150 பாகை செல்சியஸ் (300 பாகை பாரன்ஹீட்) சூட்டில் 2 மணி நேரமும், மூடி திறந்து அரை மணி நேரமும் அடுமனையில் வைத்திடுக. இடையில் வற்றினால் வெந்நீர் விடுக. பலர் பொதுவாகப் புழங்கும் அடுமனையில் ஊன் சுட்டிருப்பர் என்று மனம் ஒப்பாவிடின், கனத்த அடியுள்ள சொந்தப் பாத்திரத்தில் அடுப்பின் மிகச் சிறு தீயிலேயே 2 மணி நேரம் வைக்கலாம். அடிக்கடி கிளறுதல் வேண்டும். மேற்புறம் சுட்ட நிறம் வாராது, சுவையில் பெருங்குறை இல்லை. என் வீட்டில் அடுமனை கிடையாது. நான் செய்வதும் இவ்வாறே.

நேரக் கணக்கு இன்றியமையாதது. டிசம்பர் முற்பகுதியில் பாஸ்டனில் மாலை 4.15-க்கு முன்பே கதிரவன் மறைகிறான். இலண்டனில் 4 மணிக்கு முன்பே. மறைவுக்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே உணவை முடிக்கும் வழக்கமுடையோர்க்கு இலண்டனில் 3 மணியே எல்லை. காலை 8 மணிக்கு அடுப்பேற்றினால் 9-க்கு ஊறி முடியும், 10-க்கு வேகும், 12.30-க்குச் சட்டி இறங்கும். வகுப்பில்லாத சனிக்கிழமையே இதற்குத் தக்க நாள்.

உடன் உண்ண அன்றன்று சுட்ட சப்பாத்தி பொருந்தும். துவிதளம் விலக்குவோர் காய்ச்சாத தயிரையும் புளித்த பாலாடையையும் இதனுடன் சேர்க்கலாகாது. பாஸ்டன் மக்கள் எஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைக் காலையும் உண்பர். நமக்கு அவ்வழக்கம் இல்லாமையால், இருவரே உண்பதாயின் 150 கிராம் பயறே ஊறவைத்து மற்றவற்றையும் பாதியாக்கிக் கொள்க. வேகும் நேரம் மட்டும் குறையாது.