கடை போர்டிலிருந்து தெருவின் கதை: தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

நாற்பது வருடம் தொங்கிய பெயர்ப்பலகையைக் கழற்றப் பத்து நிமிடம் போதும். மறுநாள் அங்கே ஃப்ளெக்ஸ் வந்துவிடும். அதற்குள் நாம் போய்ச் சேர வேண்டும்.

ஒரே ஒரு தெரு

ஊர் முழுவதையும் எடுக்க ஆசைப்படாதீர்கள். சென்னைத் திருவல்லிக்கேணி என்றால் பெரிய தெருவின் ஒரு பக்கம் மட்டும் போதும். தமிழ், ஆங்கிலம், உருது மூன்றிலும் எழுதிப் பழகிய பேட்டை அது. பாரதி சாலையைப் பைகிராப்ட்ஸ் ரோடு என்றே சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போர்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்றால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படம்

ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று படம்: கடை முழுவதும், போர்டு நேராக, பிறகு போர்டின் கீழ் மூலை. எழுதிய ஓவியர் தன் பெயரைச் சின்னதாக '... ஆர்ட்ஸ்' என்று போட்டிருப்பது அந்த மூலையில்தான். வீட்டு முகப்பில் சிமெண்டில் புடைத்து நிற்கும் பெயரையும் வருடத்தையும் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுங்கள். உச்சி வெயிலில் எழுத்து சுவரோடு சுவராகிவிடும்.

எழுத்தை வைத்து வயது பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் அவற்றில் ணை, லை, ளை, னை நான்கும் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவோடு இருந்தன. ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காது. எழுத்தோடு சேர்ந்து சுழியும். 'விலாஸ்' இதில் சிக்காது, 'மாலை' சிக்கும்.

ஆனால் தும்பிக்கையைப் பார்த்ததும் 1978க்கு முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள். கை பழகிய ஓவியர்கள் பிறகும் பல வருடம் அப்படியே எழுதினார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: பெரியார் இந்தச் சீர்திருத்தத்தை 1935இலேயே தன் பத்திரிகையில் தொடங்கிவிட்டார். அவர் வழி வந்தவர் கடை என்றால் புதிய எழுத்து முன்னதாகவே ஏறியிருக்கலாம்.

ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தைய போர்டு. ஊர்ப் பெயருக்குப் பின் வெறும் '5' என்று இருந்தால் எதுவும் சொல்ல முடியாது. இன்றும் 'சென்னை-5' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் 1996க்கு முன். தமிழில் 'சென்னை' என்பது அதற்கு வெகு முன்பிருந்தே இருப்பதால் அது துப்பாகாது.

பேச்சைப் பதிவு செய்வது

எழுத்து விட்ட இடத்தை ஆள்தான் நிரப்ப வேண்டும். "உங்க வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எடுத்த படத்தைக் காட்டி, "இந்த போர்டு யாரு எழுதுனது ஐயா? அதுக்கு முன்னாடி இங்க என்ன கடை?" என்று கேளுங்கள். பதில் தானாக நீளும். ஓவியர் கூலியை எழுத்துக் கணக்கில் வாங்கினாரா, நூலில் சாக்பொடி தடவிக் கோடு அடித்தாரா என்பதெல்லாம் அப்போதுதான் வரும்.

பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள். தேதி, இடம், பேசுபவர் பெயரை நீங்களே சொல்லித் தொடங்குங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டதால் என் முதல் பதிவில் பாதி விசிறிச் சத்தம். பேசுபவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் சும்மா இருங்கள். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் நல்லதாக இருக்கும்.

எழுதி வைப்பது

தேதி, தெரு, கதவு எண் என்று கோப்புக்குப் பெயர் வையுங்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் சேருங்கள். பேச்சைச் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். போர்டு ஒரு வருடம் சொல்லி, பெரியவர் வேறு சொன்னால் இரண்டும் இருக்கட்டும். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள்.

கடைக்காரருக்கு ஒரு பிரிண்ட் கொடுத்துவிட்டு வாருங்கள். கல்லாவுக்கு மேல் ஒட்டுவார். பார்க்கிற யாராவது, "இது தப்புப்பா, அதுக்கு முன்னாடி இங்க சைக்கிள் கடை" என்பார். நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.