பதற்றம் தணிய எதை முதலில் மாற்றுவது

ஆபத்து வருமுன்பே உடல் அதற்குத் தயாராகிவிடுவதுதான் பதற்றம். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது இது உயிரைக் காக்கும். நள்ளிரவில் படுக்கையில் வந்தால் தொல்லை. அடியோடு ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. பழக்கங்களால் அளவுக்குள் வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எதுவும் நிலைக்காது. வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ப்பது நல்லது.

முதலில் சரிசெய்ய வேண்டியது எழும் நேரம். தூக்கத்தை வா என்றால் வராது. எழுவது மட்டும் கையில் இருக்கிறது. ஞாயிறு உட்பட ஒரே நேரத்தில் எழுந்து, சற்று நேரம் வெளிச்சத்தில் இருந்தால் உடலின் கடிகாரம் ஒழுங்குக்கு வரும். செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கிழக்கே கடல் என்பதால் காலை வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மறைமலைநகர்த் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் அறையை நன்றாக இருட்டாக்கி, அந்த ஷிஃப்ட் மாறும்வரை தினமும் ஒரே நேரத்தில் தூங்குவதே வழி.

அடுத்தது டீயும் காபியும். உள்ளே போன காஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். மாலை ஆறு மணி டீ இரவு பதினொன்றுக்கும் வேலை செய்வது அதனால்தான். மதியம் இரண்டு மணிக்கு மேல் நிறுத்திப் பார்க்கலாம். திடீரென விட்டால் தலை வலிக்கும். ஒவ்வொரு டம்ளராகக் குறைக்க வேண்டும். டீக்கடையையும் அங்குள்ள பேச்சையும் விட வேண்டியதில்லை, சுக்குமல்லியோ பாலோ குடிக்கலாம். மது முதலில் அமைதி தந்து, இறங்கும்போது பதற்றத்தைக் கூட்டும். தினமும் அதிகம் குடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சட்டென நிறுத்துவது ஆபத்து.

மூன்றாவது, நடை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு வாரம் 150 நிமிடம். அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். மாமல்லபுரம் கடற்கரையில் அலை நனைத்த இறுகிய மணல் நடக்க ஏற்றது. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் போகலாம். கோடையில் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். நடந்த களைப்பில் கடலில் இறங்கத் தோன்றும்; இந்தக் கரையின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் விடாது.

நான்காவது, கவலைக்கென ஒரு நேரம். தினமும் மாலை இருபது நிமிடம், ஒரு நோட்டுப் புத்தகம். பகலில் எழும் கவலையை ஒரு வரி குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். மாலையில் இரண்டாகப் பிரிக்கலாம்: ஏதாவது செய்ய முடிந்தவை, முடியாதவை. உதாரணமாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக் குடும்பத்துக்கு வருமானம் நிற்கும். இது தேதி தெரிந்த கவலை, ஜனவரியிலேயே சேமிப்புக் கணக்கு போடலாம். புயல் எங்கே கரை கடக்கும் என்பது அப்படியல்ல. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அந்த மாதிரி நாட்களில் தேவையான பொருட்களை எடுத்து வைத்துவிட்டு, வானிலை மையத்தின் அறிவிப்பைக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் பார்ப்பது போதும். வாட்ஸ்அப் குழுவைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் புயல் திசை மாறாது.

ஐந்தாவதுதான் கடினமானது, பலன் அதிகமானதும் அதுவே: ஒதுங்குவதை விடுவது. பயந்த இடத்துக்குப் போகாமல் இருந்தால் உடனே நிம்மதி. ஆனால் அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாகும். மின்சார ரயிலின் கூட்டத்துக்கு அஞ்சுபவருக்குச் செங்கல்பட்டில் ஒரு வசதி உண்டு. பல ரயில்கள் இங்கிருந்தே புறப்படுவதால் காலியான பெட்டி கிடைக்கும். கூட்டமில்லாத நேரத்தில் ஏறி, அடுத்த நிலையமான பரனூரில் இறங்கித் திரும்பலாம். படபடப்பு வந்தால் வரட்டும். அது உச்சிக்குப் போய்த் தானே இறங்கும் என்பதை உடல் கற்க வேண்டும். அந்தப் பயணம் சலிக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்தபின், சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரி, தாம்பரம் என நீட்டலாம். காலை நெரிசல் நேரம் கடைசி. துணைக்கு ஆள் வருவது தொடக்கத்தில் மட்டும்.

எல்லாரும் முதலில் சொல்லும் மூச்சுப் பயிற்சி இங்கே கடைசியில் வருகிறது. மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். நிம்மதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் பதறும்போது கைகொடுக்கும்.

சில வாரங்கள் கடைப்பிடித்தும் வேலையோ தூக்கமோ கெட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் உடனே அழைக்க வேண்டும். புதிதாக நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் பதற்றம் என்று தாமே முடிவு கட்டாமல் 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது கவலை நோட்டையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்வது நல்லது; அவர் தரும் மாத்திரையைச் சரியாகிவிட்டது என்று பாதியில் தாமாக நிறுத்தக் கூடாது.