பிரம்மகிரிப் பாறையில் ஒரு சொல்

பெங்களூருக்கு வடக்கே, சித்திரதுர்க்கா மாவட்டத்தில் மொளகால்மூரு வட்டம் உள்ளது. கர்நாடகத்தில் மழை மிகக் குறைவாகப் பெய்யும் பகுதிகளில் இதுவும் ஒன்று. முட்செடிகளும் உருண்டைப் பாறைகளும் நிறைந்த இந்த வறண்ட நிலத்தில் பிரம்மகிரி என்னும் குன்று இருக்கிறது. இங்குள்ள பாறை ஒன்றில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அசோகரின் சாசனம் 13 வரிகளில் வெட்டப்பட்டது. 1892இல் இதைக் கண்டறிந்தவர், பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயர் பி. எல். ரைஸ்.

சுவர்ணகிரியிலிருந்த இளவரசரும் அதிகாரிகளும், இசிலா என்ற ஊரின் அதிகாரிகளை நலம் விசாரித்து அனுப்பிய ஆணை இது. தாய் தந்தையர் சொல் கேட்க வேண்டும், உயிர்களிடம் இரக்கம் வேண்டும், உண்மை பேச வேண்டும், மாணவன் ஆசிரியரை மதிக்க வேண்டும் என்கிறது. மொழி பிராகிருதம், எழுத்து பிராமி.

கவனிக்க வேண்டியது முடிவுப் பகுதி. எழுதியவர் பெயர் சபடன். அதையும் பிராமியில் இடமிருந்து வலமாக எழுதியவர், 'எழுத்தர்' என்று பொருள்படும் தம் தொழிற்பெயரை மட்டும் கரோஷ்டி எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதினார். கரோஷ்டி அன்று வழங்கியது இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்தில். ஆகவே அவர் அங்கிருந்து வந்தவராகவோ, அங்கே பயின்றவராகவோ இருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அருகிலுள்ள சித்தாபுரம், ஜட்டிங்க ராமேசுவரம் சாசனங்களிலும் இவர் பெயர் உண்டு.

பிள்ளைகளுக்கு ஒரு சிறு பயிற்சி: பிராமியில் 'க' என்பது கூட்டல் குறி. 'ப' ஏறக்குறைய நம் 'ப' போலவே இருக்கும். இடப்பக்கக் கோடு மட்டும் நீளம். மதுரை அருகே மாங்குளம் குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமியிலும் 'க' கூட்டல் குறிதான். தமிழ் எழுத்துக்கும் கன்னட எழுத்துக்கும் மூலம் பிராமியே.

நேரில் செல்பவர்கள் காலையிலேயே சென்று, தண்ணீர் கொண்டுபோவது நல்லது. எழுத்துகளைத் தடவுவதும், அவற்றின் மேல் சுண்ணக்கட்டியால் வரைவதும் கூடாது.

பணிக்குரிய எழுத்தைச் சபடன் குறைவறக் கற்றிருந்தார். தம் எழுத்தையும் கைவிடவில்லை. நம் வீடுகளில் தமிழ் பேசத் தெரிந்தும், பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பலர். கன்னடத்தை அவர்கள் நன்றாகக் கற்கட்டும். இந்த மண்ணில் வாழ்வோருக்கு அது கடமை. கூடவே இந்த வாரம், தம் பெயரைக் கன்னடத்திலும் தமிழிலும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும். எந்தெந்த எழுத்துகள் ஒத்திருக்கின்றன என்று பெற்றோர் உடனிருந்து கேட்டால், பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.