வீட்டின் ஒலியைத் தொலைவுக்கு அனுப்பும் முறை

வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகளும் ஊரில் தங்கிவிட்ட பெற்றோரும் நாள்தோறும் தொலைபேசியில் பேசியும் உடனிருக்கும் உணர்வு வாய்க்காமல் போவதற்கு, வீட்டின் அன்றாட ஒலிகள் அப்பேச்சில் இடம்பெறாததும் ஒரு காரணமாகும். ஓரிடத்தில் காதுக்கு எட்டும் ஒலிகள் அனைத்தையும் சேர்த்து ஒலிச்சூழல் என்பர். கனடிய இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர் 1977இல் வெளியிட்ட நூலில், அச்சூழலில் ஓயாது பின்னணியாக நிற்கும் அடிநிலை ஒலியையும், அவ்விடத்துக்கே உரிய அடையாள ஒலியையும் வேறுபடுத்திக் காட்டினார். இவ்விரண்டையும் சேர்த்து அனுப்பினால்தான் கேட்பவர் மனத்தில் வீடு உருப்பெறும்.

முதற்படியாக, விடியற்காலை முதல் இரவு வரை வீட்டில் கேட்பவற்றை ஒரு நாள் முழுவதும் தாளில் குறித்து, அவற்றுள் எவை வேண்டும் என்பதைத் தொலைவில் இருப்பவரிடமே கேட்டறிய வேண்டும். வாசல் தெளிக்கும் நீர், கிரைண்டரின் முழக்கம், இரும்புக் கதவின் கிறீச்சொலி போன்றவற்றுக்குப் பழகிப்போன வீட்டார் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

அடுத்தது கைபேசியை வைக்கும் இடம். தாளிக்கும்போது கடுகு வெடிப்பது மெல்லிய ஒலியாதலால் கைபேசி அடுப்பிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் இருக்க வேண்டும்; குக்கர் விசிலோ அந்த அண்மையில் கரகரப்பாகப் பதியும் என்பதால், அதற்கு அடுத்த அறையே ஏற்றது. சமையல் மேடையின் அதிர்வு ஏறாதிருக்க, கைபேசியின் அடியில் மடித்த துணியொன்றை விரிப்பதும், மின்விசிறிக் காற்று நேரே படாமல் பார்த்துக்கொள்வதும் நன்று.

பெரும்பாலானோர் தடுமாறுவது இதற்குப் பின்னரே. அழைப்புச் செயலிகள் மனிதக் குரலல்லாதவற்றை இரைச்சலெனக் கருதி அடக்கிவிடுவதால், அனுப்ப விரும்பிய ஒலியே மறுமுனையில் மறைந்துபோகிறது. இரைச்சல் நீக்கத்தை நிறுத்தும் வசதி செயலியில் இருந்தால் அதனை நிறுத்த வேண்டும். இல்லையெனில் ஒலிப்பதிவுச் செயலியில் பத்து நிமிடம் பதிந்து, கோப்பாக அனுப்பலாம். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கிய பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபைட்டே ஆகும். பதியும்போது எவரும் விளக்கம் சொல்லாதிருப்பது இன்றியமையாதது.

நேரடி இணைப்பை விரும்புவோர் இரு ஊர்களின் நேரத்தையும் ஒப்பிட வேண்டும்: தமிழ்நாட்டில் மாலை 7 மணிக்குச் சமையல் நடக்கையில் சிங்கப்பூரில் இரவு 9.30, துபாயில் மாலை 5.30. இணைப்பு திறந்திருக்கும் அரை மணி நேரமும் பேசியாக வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதும், வீட்டார் அனைவரின் இசைவையும் பெறுவதும், அண்டைவீட்டார் மனம்விட்டுப் பேச வந்தால் ஒலிவாங்கியை அணைப்பதும் தேவை. ஒரு பக்கம் மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பது நாளடைவில் கண்காணிப்பாக மாறிவிடும். ஆகவே வெளிநாட்டில் இருப்பவரும் தம் அறையின் சன்னலைத் திறந்துவைத்து, அங்கே பெய்யும் மழையையும், தோசைக்கல்லில் கரண்டி உரசுவதையும் ஊருக்குக் கேட்கச் செய்ய வேண்டும்.