குடும்பத் தலைவர் யார்?



குடும்பம் வேறு, வீட்டார் வேறு என்று சமூகவியலாளர்கள் பிரித்துப் பேசுவார்கள். இரத்தத்தாலும் திருமணத்தாலும் இணைந்தவர்கள் குடும்பம். ஒரே கூரையின் கீழ் ஒரே அடுப்பில் உண்பவர்கள் வீட்டார். கத்தாரில் உழைக்கும் தகப்பன் குடும்பத்தில் இருக்கிறார், வீட்டாரில் இல்லை.

உம்மு ஸலமா (ரழி) அவர்களின் முந்திய கணவருடைய பிள்ளை உமர் பின் அபீஸலமா (ரழி), நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்தவர். வலக்கையால் உண், உனக்கு அருகிலிருப்பதை உண் என்று நபியவர்கள் சொல்லிக்கொடுத்தது அந்தப் பிள்ளைக்குத்தான். அந்த ஹதீஸைச் சாப்பாட்டு ஒழுங்குக்காக ஓதுகிறோம். மனைவியின் பிள்ளையைத் தம் தட்டில் உட்கார வைத்த வீடு அது என்பதைக் கவனிப்பதில்லை.

கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற கருக்குடும்பம் உலகெங்கும் உள்ளது என்று ஜோர்ஜ் மேர்டொக் 1949இல் எழுதினார். கேரளத்து நாயர்களை ஆராய்ந்த கத்லீன் கஃப் போன்றோர் அதைக் கேள்விக்குட்படுத்தினர். அவ்வளவு தூரம் போவானேன்? காத்தான்குடியையும் அக்கரைப்பற்றையும் பாருங்கள். அங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கு குடிபுகுவார். வாப்பாவும் காக்காமாரும் உழைத்து அந்த வீட்டைக் கட்டுவார்கள். இருப்பிடம் கொடுப்பது கணவன் கடமையாயிருக்க, இந்தச் சுமையைப் பெண் வீட்டார் தலையில் ஏற்றுவது சரியல்ல என்பதே என் கருத்து. வீடு கட்ட வழியில்லாத வாப்பாவின் குமர்கள் காத்துக் கிடக்கிறார்களே! ஆனால் விதவையானாலும் தலாக் ஆனாலும் அந்தப் பெண் தெருவுக்கு வருவதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கரையோரத்தைத் துடைத்தெடுத்தது. பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன. படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அதில் கணவனின் பெயரே எழுதப்பட்டது. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வளவும் வீடும் கடலோடு போக, புதிய வீடு கணவன் பெயரில் வந்தது. பெண்ணின் சொத்து பெண்ணுக்கே என்பது நமது மார்க்கச் சட்டம். அதை மீறும் எண்ணம் எந்த அதிகாரிக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. எல்லா வீடும் ஒரே மாதிரி என்று எண்ணியதே போதுமாயிருந்தது.

நமது மஹல்லாவின் ஸகாத் படிவத்திலும் அதே கட்டம்தான் இருக்கிறது. வாப்பா வெளிநாட்டில், பிள்ளைகள் உம்மும்மாவிடம் என்றால் அதில் யார் பெயரை எழுதுவது? அடுத்த முறை அச்சடிக்குமுன், வீடு யார் பெயரில், அந்த அடுப்பில் யார் யார் உண்கிறார்கள் என்று இரண்டு கட்டங்களைச் சேர்க்கும்படி உங்கள் பள்ளி நிருவாகத்திடம் கேளுங்கள்.