வலி தணிக்கும் மாத்திரையும் இரைப்பு நோயும்

வலி தீர உண்ணும் மருந்தே சிலருக்கு மூச்சை அடைத்தல் உண்டு. இதனை யான் நூலிற் படித்தறியுமுன் வாலிகண்டபுரத்தில் நேரிற் கண்டேன். வாலீசுவரர் கோயில் கொண்ட அவ்வூரில் வாழும் என் பெரியதாயார், மக்காச்சோளக் கதிரறுத்து வந்த ஒரு மாலை, இடுப்பு வலிக்கென்று கடையொன்றில் மாத்திரை வாங்கி உண்டார். இரண்டு நாழிகை செல்லுமுன் மூக்கு நீர் வடிந்தது, கண் சிவந்தது, மார்பு இறுகி மூச்சு இரைத்தது. பெரம்பலூருக்கு விரைந்து கொண்டு சென்றமையால் உயிர் பிழைத்தார். வீட்டார் சோளத் தூசியைப் பழித்தனர். வைத்தியரோ மாத்திரையைச் சுட்டினார்.

அஃது எங்ஙனம் எனின், கூறுவாம். ஆஸ்பிரின் 1899-ஆம் ஆண்டு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. இரைப்பு நோய், மூக்கினுள் சதை வளர்தல், ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே கூடி நிற்றலை 1922-இல் பிரெஞ்சு மருத்துவர் விடால் என்பவரும் அவர் துணைவரும் எடுத்துரைத்தனர். 1968-இல் அமெரிக்காவில் சாம்டர், பியர்ஸ் என்போர் அதனை விரித்து விளக்கினர். இம்மருந்து உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாவதைத் தடுக்கின்றது என்று ஜான் வேன் 1971-இல் நிறுவி, 1982-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

அப்பொருள்களிற் சில வலியும் வீக்கமும் தருவன. ஆயினும், அவற்றுள் ஒன்று மூச்சுக்குழலைச் சுருக்கும் லூக்கோட்ரையீன்களை அடக்கி வைப்பது. மாத்திரை வலியைத் தணிக்கும்போது அக்காவலையும் அகற்றிவிடுகின்றது. காவல் நீங்கவே, இயல்புடையார்க்கு லூக்கோட்ரையீன் பெருகிக் குழல் சுருங்கிச் சளி மிகுகின்றது. ஆதலின் ஆஸ்பிரின் ஒவ்வாதார்க்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் என்பனவும் பெரும்பாலும் ஒவ்வா. பெயர் வேறாயினும் தொழில் ஒன்றே.

இனி, அஞ்சத்தக்கார் யாவர்? நடுவயதில் இரைப்பு தொடங்கியவர். மூக்கிற் சதை வளர்ந்தவர். நெடுநாள் மூக்கடைப்பும் பீனிசமும் உடையவர். மணம் அறியும் ஆற்றல் இழந்தவர். அடங்காத கடும் இரைப்புடையவர். முன்னொருகால் இம்மாத்திரையால் மூச்சுத் திணறியவர். என் பெரியதாயார் அடுப்பிற் குழம்பு கருகுவதையும் பல்லாண்டுகளாக மோந்தறியாதவர். அதனை ஒரு நோய்க்குறியென யாம் எவரும் எண்ணினோமில்லை.

நிற்க. இரைப்புடையார் அனைவரும் அஞ்சவேண்டுவதில்லை. வயதுவந்த இரைப்பு நோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரும், கடும் இரைப்புடையாருள் 15 பேருமே இவ்வியல்பினர். இவர்களுட் பெரும்பாலார்க்குச் சிறு அளவிற் பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும். ஆயினும் அதனோடு டைக்ளோஃபெனாக் முதலியன கலந்த மாத்திரைகளும் கடைகளில் உள. ஆதலின் உறையின்மேல் உள்ள பெயர் முழுமையும் படித்தல் வேண்டும். இதயநோய்க்கு ஆஸ்பிரின் உண்பவர் தாமே அதனை நிறுத்தாது, வைத்தியரைக் கேட்டல் கடன்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, வைத்தியர், மருந்து, துணைநிற்பவர் என நான்கு கூறுகளை வகுத்தார். நோயாளியை முதலில் வைத்தமை நோக்கத்தக்கது. தன் மூச்சின் வரலாற்றைத் தான் சொல்லாவிடின் வைத்தியர் அறிவது எவ்வாறு? விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் வீட்டில் இருமி இரைக்கும் முதியோரிடம் இரண்டு வினாக்கள் கேட்பாராக: மூக்கு மணம் அறிகின்றதா? வலிக்கு எந்த மாத்திரை உண்கின்றீர்கள்? அவ்விரு வினாவும் ஓருயிரைக் காத்தல் கூடும்.